சர்வர் பேச்சு: வெளியே போவதை யார் பார்ப்பது?

போன இதழில், ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வெளியாள் நுழையாமல் பார்த்துக்கொள்வது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, உள்ளேயிருந்து வெளியே போகும் இணைப்புகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுக்க ப்ராக்ஸி சர்வர்தான், அதாவது உள்ளே இருக்கும் கணினிகளின் சார்பில் தானே வெளியே போய்ப் பேசும் இடையாள். ஆபீஸ் விவகாரம் என்பதால் பலரும் பெயர் போட வேண்டாம் என்றார்கள். ஊரும் வேலையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

*எங்கள் ஏற்றுமதி நிறுவனத்துக்கு வெளிநாட்டு பையர் ஒருவர் பாதுகாப்புக் கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதில், "உங்கள் சர்வர்களிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளை எப்படிக் கட்டுப்படுத்துகிறீர்கள்?" என்று ஒரு வரி. ஃபயர்வால் இருக்கிறது என்று எழுதினால் போதாதா சார்?*
ஐ.டி. பொறுப்பாளர், திருப்பூர்

போதாது. உங்கள் ஃபயர்வாலைத் திறந்து, உள்ளிருந்து வெளியே போவதற்கு என்ன விதி இருக்கிறது என்று பாருங்கள். சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: யாரும், எங்கும், எந்தப் போர்ட்டிலும் (சேவைக்கு ஒன்றாக இருக்கும் எண்ணிட்ட வாசல்) போகலாம். பெட்டியோடு வந்த விதி அது. மாட்டிவிட்டுப் போனவர் அதைத் தொட்டிருக்க மாட்டார், தொட்டால் மறுநாளே "நெட் வரவில்லை" என்று போன் வரும். உங்கள் ஊர் மில்லில் கேட் பாஸ் இல்லாமல் ஒரு கோன் நூல் வெளியே போகாது. அதே மில்லின் கணக்கு சர்வரிலிருந்து முழு டேட்டாபேஸும் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே போனால் கேட்க ஆள் கிடையாது.

இது ஏன் முக்கியம் என்பதற்கு 2021 டிசம்பரில் வெளிவந்த லாக் ஃபோர் ஜே ஓட்டையைப் பாருங்கள். ஜாவாவில் எழுதிய ஏராளமான மென்பொருள்கள் தங்கள் லாகை (நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவேடு) எழுதுவதற்குப் பயன்படுத்திய நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு, லாக் ஃபோர் ஜே. தாக்குபவர் லாகின் பெட்டியில் தன் பெயருக்குப் பதிலாக ஒரு விசேஷ வரியைத் தட்டுவார். சர்வர் அதை வழக்கம்போல லாகில் எழுதப் போகும். நூலகமோ அந்த வரியை வெறும் எழுத்தாகப் பார்க்காமல் கட்டளையாக எடுத்துக்கொண்டு, அதில் சொல்லியிருக்கும் முகவரிக்குத் தானே வெளியே போய், அங்கிருந்து ஜாவா நிரலை இறக்கி இயக்கிவிடும். இதில் சர்வர் வெளியே போகும் கட்டத்தைக் கவனியுங்கள். உள்ளே யாரும் இன்னும் நுழையவில்லை. உங்கள் சர்வர்தான் முன்பின் தெரியாத ஒரு கணினியைத் தேடிக்கொண்டு வெளியே போகிறது. சரக்குக் கணக்கு பார்க்கும் சர்வருக்கு அங்கே என்ன வேலை? வெளிவாசல் பூட்டியிருந்தால் நிரல் இறங்கும் அந்தக் கட்டம் அங்கேயே நின்றிருக்கும்.

முழுக்க நின்றிருக்குமா என்றால், அதுவும் இல்லை. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். சிலர் சர்வருக்குள் இருக்கும் ரகசியச் சாவியை டிஎன்எஸ் கேள்வியின் பெயரோடு ஒட்டி வெளியே இழுத்தார்கள். பெயரைத் தேடும் அந்தக் கேள்வியே தகவலைச் சுமந்துகொண்டு போய்விடும். அதனால் பேட்ச் (ஓட்டையை அடைக்கும் அப்டேட்) போட வேண்டியது போட்டே ஆக வேண்டும்.

2020-இல் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் விவகாரம் இன்னும் தெளிவான உதாரணம். ஓரியன் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளின் அதிகாரபூர்வ அப்டேட்டிலேயே விஷம் கலந்திருந்தது. நிறுவனமே கையெழுத்திட்டு அனுப்பிய அப்டேட், எந்த ஆன்டிவைரஸ் சந்தேகப்படும்? அது இரண்டு வாரம் வரை சும்மா இருந்துவிட்டு, அப்புறம்தான் தன் எஜமானருக்கு வெளியே செய்தி அனுப்பும். ஓரியன் சர்வரிலிருந்து வெளியே போகும் எல்லா இணைப்பையும் தடுத்திருந்தால் அந்த விஷம் செயலிழந்திருக்கும் என்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஸா 2021-இல் ஒப்புக்கொண்டது.

சரி, ஃபயர்வாலிலேயே தடுத்தால் ஆகாதா, ப்ராக்ஸி எதற்கு? சாதாரண ஃபயர்வாலுக்குத் தெரிந்தது ஐபி முகவரியும் போர்ட்டும். இன்றைக்கு எல்லாமே ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய வலைப் போக்குவரத்துக்கான 443-ஆம் போர்ட்டில் போகிறது. ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் ஆயிரம் தளங்கள் குடியிருக்கின்றன, முகவரியும் அடிக்கடி மாறுகிறது. ப்ராக்ஸியிடம் வரும் கணினியோ, "எனக்கு இந்தப் பெயர் கொண்ட தளத்துக்கு, 443-க்கு, வழி போட்டுக்கொடு" என்று வாயைத் திறந்து கேட்டாக வேண்டும். கனெக்ட் என்று அந்தக் கோரிக்கைக்குப் பெயர். பெயரைக் கேட்டுவிட்டதால் பெயரை வைத்தே அனுமதிக்கலாம், மறுக்கலாம், எழுதியும் வைக்கலாம். உங்களிடம் இருக்கும் ஃபயர்வால் பெட்டி கொஞ்சம் பெரியதாக இருந்தால் இந்த வசதி அதற்குள்ளேயே இருக்கக்கூடும், முதலில் அதைப் பாருங்கள்.

பையருக்கு எழுத வேண்டிய பதில் சுருக்கமானது. சர்வர்கள் நேரடியாக இணையத்துக்குப் போக முடியாது. ப்ராக்ஸி வழியாக, பட்டியலில் உள்ள பெயர்களுக்கு மட்டும் போகலாம். மறுக்கப்பட்டவை லாகில் பதிவாகின்றன. முதலில் அதைச் செய்துவிட்டு எழுதுங்கள்.

*சரி, செய்துவிடலாம் என்று முடிவெடுத்தோம். நாற்பது சிஸ்டம், மூன்று சர்வர். எங்கிருந்து ஆரம்பிப்பது? தனியாக ஏதாவது வாங்க வேண்டுமா?*
கணக்குப் பிரிவு மேலாளர், கரூர்

வாங்க வேண்டாம். ஓரளவு நல்ல நிலையில் இருக்கும் பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதில் லினக்ஸ், அதன்மேல் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள். 1996-இலிருந்து இருக்கும் இலவச மென்பொருள், 3128-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். யூபிஎஸ் லைனில் மாட்டுங்கள், ஏனென்றால் இனி அது நின்றால் எல்லாம் நிற்கும்.

எல்லோரும் செய்வது என்னவென்றால், ப்ராக்ஸி போட்ட முதல் நாளே ஊழியர்களின் யூடியூபையும் ஃபேஸ்புக்கையும் அடைப்பார்கள். ஆபீஸ் முழுக்க முணுமுணுப்பு, மூன்றாம் நாள் முதலாளியே "எனக்கு மட்டும் திறந்துவிடு" என்பார், அதோடு திட்டம் படுத்துவிடும். மனிதர்களை விடுங்கள், சர்வர்களில் ஆரம்பியுங்கள். சர்வர் யூடியூப் பார்ப்பதில்லை. அதற்கு வெளியே போக வேண்டிய இடங்கள் பத்து விரலுக்குள் அடங்கும்: அப்டேட் வரும் இடம், பேக்கப் போகும் இடம், இ-இன்வாய்ஸ் அனுப்பும் இடம், அவ்வளவுதான்.

முதலில் எதையும் மறுக்காமல், மூன்று சர்வர்களையும் ப்ராக்ஸி வழியாகப் போகவிட்டு லாகை மட்டும் சேருங்கள். ஒரு மாத முடிவும், ஜிஎஸ்டி தாக்கல் தேதியும் அந்தக் காலத்துக்குள் வந்துபோக வேண்டும். மாதத்துக்கு ஒரு முறை மட்டும் ஓடும் வேலைகள்தான் பின்னால் உயிரை வாங்கும். அந்த லாகிலிருந்து பெயர்களை எடுத்து அனுமதிப் பட்டியல் எழுதுங்கள். எழுதும்போது சோம்பல்பட்டு ஒரு பெரிய கிளவுட் நிறுவனத்தின் டொமைனை மொத்தமாக அனுமதித்துவிடாதீர்கள். உங்கள் பேக்கப் இருக்கும் அதே கிளவுட்டில் திருடனும் ஒரு கணக்கு வைத்திருக்கலாம், அதற்கும் அதே டொமைன்தான். உங்கள் பக்கெட்டின், அதாவது கிளவுட்டில் உங்கள் கோப்புகள் இருக்கும் பெட்டியின், முழுப் பெயரை எழுதுங்கள்.

ஸ்க்விட் தன் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும், முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். அனுமதி வரி மேலே இருந்து தடை வரி கீழே இருந்தால் தடை செத்த வரி. இன்னொரு விசித்திரம்: எந்த வரியும் பொருந்தாவிட்டால், கடைசி வரிக்கு நேர் எதிரானதை ஸ்க்விட் செய்யும். கடைசி வரி ஒரு குறிப்பிட்ட தளத்துக்குத் தடை என்றால், மற்ற எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அதனால் பட்டியல் எப்படி இருந்தாலும் கடைசியில் "மற்ற அனைத்துக்கும் தடை" என்ற வரி இருந்தே ஆக வேண்டும். டொமைன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அதன் கிளைப் பெயர்களும் சேரும், வைக்காவிட்டால் அந்த ஒரு பெயர் மட்டும். புள்ளி விட்டுப்போனதால் பாதிப் பக்கம் மட்டும் திறக்கும் தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டியல் சரியான பிறகு, ஃபயர்வாலில் அந்தப் பழைய "யாரும் எங்கும்" விதியை எடுத்துவிட்டு, ப்ராக்ஸி இருக்கும் கணினிக்கு மட்டும் வெளியே போக அனுமதி கொடுங்கள். சர்வர்களுக்கு நேர்வழி அடைபட வேண்டும். இதைச் செய்யாத வரை ப்ராக்ஸி அலங்காரப் பொருள்தான். சர்வரில் ப்ராக்ஸி முகவரியை எழுதிவைப்பது வெறும் வேண்டுகோள், நல்ல மென்பொருள் கேட்கும், கெட்டது கேட்காது. யுடிபி (வழக்கமான டிசிபிக்கு மாற்றான இன்னொரு போக்குவரத்து முறை) 443-ஐயும் மூடுங்கள், பிரவுசர்கள் க்விக் என்ற வழியில் அதில்தான் போகப் பார்க்கும். கூடவே சர்வர்கள் வெளி டிஎன்எஸ்ஸைக் கேட்பதையும் நிறுத்திவிடலாம். ப்ராக்ஸியிடம் பெயரைச் சொன்னால் போதும், அந்தப் பெயருக்கான முகவரியைத் தேடுவது ப்ராக்ஸியின் வேலை. மேலே சொன்ன டிஎன்எஸ் திருட்டுக்கும் இதுதான் மருந்து.

அப்புறம், ஊழியர்களின் சிஸ்டங்களுக்கு வரும்போது உங்களை மாதிரி கணக்குப் பிரிவுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகிக் கையெழுத்துப் போடும்போது, எம்சைனர் என்ற அந்தக் கையெழுத்து மென்பொருள் உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே, 127.0.0.1 என்ற முகவரியில் ஓடுகிறது. பிரவுசர் அதையும் ப்ராக்ஸி வழியாகத் தேடினால், ப்ராக்ஸி தனக்குள் தேடிவிட்டு இல்லை என்று சொல்லும். தாக்கல் கடைசி நாளில் "எம்சைனர் வேலை செய்யவில்லை" என்று அலறுவார்கள். ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளின் பட்டியலில் 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட், உங்கள் உள் நெட்வொர்க், மூன்றையும் போட்டுவிடுங்கள். விண்டோஸில் பிரவுசருக்குக் கொடுத்த ப்ராக்ஸி அமைப்பு பின்னணியில் ஓடும் சர்வீஸ்களுக்குப் பொருந்தாது, அதற்குத் தனி அமைப்பு. லினக்ஸில் நீங்கள் கொடுத்த ப்ராக்ஸி முகவரியை, நிர்வாகி அதிகாரத்தில் வேலை ஓட்டும் சூடோ கட்டளை உதறிவிட்டுப் போகும். "எனக்கு வருகிறது, சர்வீஸுக்கு வரவில்லை" என்ற புகார்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

*ஸ்க்விட் லாகில் இந்த மாதிரி வரிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு வரியை அப்படியே அனுப்புகிறேன் அண்ணா, தளத்தின் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். பயப்பட வேண்டுமா?*
*1750000012.406 0 192.168.1.64 டிசிபி_டினைட்/403 3912 கனெக்ட் (பெயர்):443 - ஹையர்_நன்/- டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்*
சிஸ்டம் அட்மின், ஈரோடு

ஒரு வரி என்றாலும் விஷயம் நிறைய இருக்கிறது. முதல் எண் நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிவந்த விநாடிகள். மாற்றிப் பார்த்தால் 2025 ஜூன் 15, இந்திய நேரம் இரவு 8 மணி 36 நிமிடம் 52 விநாடி. அன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் ஆபீஸ் ஞாயிறு விடுமுறை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அடுத்து வரும் 0, ப்ராக்ஸி எடுத்துக்கொண்ட மில்லி விநாடி. யோசிக்கவே இல்லை, விதியைப் பார்த்ததும் மறுத்துவிட்டது. பிறகு கேட்ட சிஸ்டத்தின் முகவரி. டிசிபி_டினைட் என்றால் மறுத்தாயிற்று, 403 என்றால் அனுமதி இல்லை. 3912 என்பது ப்ராக்ஸி அந்த சிஸ்டத்துக்குத் திருப்பி அனுப்பிய பைட்டுகள், அதாவது மறுப்புப் பக்கத்தின் அளவு. நடுவில் தனியாக நிற்கும் சிறு கோடு, பயனர் பெயர் ஏதும் தரப்படவில்லை என்பதற்கு. ஹையர்_நன் என்றால் ப்ராக்ஸி வெளியே யாரிடமும் போகவே இல்லை.

ஆக, இந்த வரியைப் பொறுத்தவரை எதுவும் வெளியே போகவில்லை. நல்ல செய்தி அது.

அடுத்து பார்க்க வேண்டியது இடைவெளி. ஒரே சிஸ்டத்திலிருந்து, ஒரே பெயருக்கு, அறுபது விநாடிக்கு ஒரு தடவை பிசகாமல் வருகிறதா? மனிதன் அப்படிக் கடிகாரம் மாதிரி கேட்க மாட்டான், ஏதோ நிரல் கேட்கிறது. எல்லா நிரலும் கெட்டதில்லை. இப்படி வரும் வரிகளைத் துரத்திப் போனால் பல தடவை கிடைப்பது, பிரிண்டரோடு வந்த அப்டேட் நிரல் அல்லது சந்தா முடிந்தும் நீக்காமல் விட்ட ஆன்டிவைரஸ். திங்கட்கிழமை அந்த சிஸ்டத்தில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, உங்கள் ப்ராக்ஸியின் 3128-ஆம் போர்ட்டோடு எந்த நிரல் பேசுகிறது என்று பாருங்கள். அந்த நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும். புரோகிராம் ஃபைல்ஸில் தெரிந்த நிறுவனத்தின் பெயரோடு இருந்தால் நிதானமாக விசாரிக்கலாம். டெம்ப் ஃபோல்டருக்குள், அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயரோடு இருந்தால் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். சிஸ்டத்தை ஆஃப் செய்யாதீர்கள், நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.

கூடவே அதே சிஸ்டத்தின் பெயரில் டிசிபி_டனல்/200 என்று வந்த வரிகளையும் தேடுங்கள். அவை அனுமதிக்கப்பட்டுப் போனவை. மறுத்த கதவை மட்டும் பார்த்துவிட்டுத் திறந்திருந்த கதவை விட்டுவிடக் கூடாது. அதிலும் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். கனெக்ட் வழிப் போக்குவரத்து முடிந்த பிறகுதான் அந்த வரி லாகில் எழுதப்படும். மூன்று மணி நேரம் திறந்திருந்த இணைப்பு மூன்று மணி நேரம் கழித்தே கண்ணில் படும். இன்னொன்று, வழக்கமான லாகில் இருக்கும் பைட் எண்ணிக்கை உள்ளே வந்ததற்கு உரியது. வெளியே எவ்வளவு ஏறியது என்று அதில் தெரியாது. கோப்புகள் வெளியே போயிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஃபயர்வாலின் அப்லோடு கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

*ப்ராக்ஸியும் விபிஎன்னும் ஒன்றுதானே?*
கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இல்லை. விபிஎன் உங்கள் கணினியின் எல்லாப் போக்குவரத்தையும் மூட்டை கட்டி வேறொரு இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே அவிழ்க்கும். ப்ராக்ஸி ஒவ்வொரு கோரிக்கையாக வாங்கி, உங்கள் சார்பில் தானே போய்ப் பேசும். நீங்கள் விபிஎன் தேடுவது ஹாஸ்டல் ப்ராக்ஸியைத் தாண்டுவதற்கு என்று கடிதத்தின் மறுபாதியிலிருந்து தெரிகிறது. இலவச விபிஎன் ஆப் எதையும் போட்டுவிடாதீர்கள். வார்டனுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதை நடத்துபவருக்கு எல்லாம் தெரியும்.

*எங்கள் கல்லூரியில் ப்ராக்ஸி மூலம் ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தையும் பிரித்துப் பார்க்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்கிறார். எல்லா சிஸ்டத்திலும் ஒரு சர்டிபிகேட்டை நிறுவினால் போதுமாம். செய்யலாமா?*
ஆய்வகப் பொறுப்பாளர், திருநெல்வேலி

செய்ய முடியும். செய்யாதீர்கள் என்பது என் கருத்து.

சர்டிபிகேட் என்பது ஒரு தளம் தன் அடையாளத்தை நிரூபிக்கக் காட்டும் சான்று. அவர் சொல்லும் சர்டிபிகேட் என்ன செய்கிறது என்று பாருங்கள். மாணவர் வங்கித் தளத்தைத் திறக்கும்போது ப்ராக்ஸி நடுவில் நின்று, வங்கியின் பெயரில் தானே ஒரு சர்டிபிகேட் எழுதி நீட்டும். உங்கள் சர்டிபிகேட்டை ஏற்கெனவே நம்பச் சொல்லிவிட்டதால் பிரவுசரும் தலையாட்டும். பூட்டுச் சின்னம் அப்படியே இருக்கும், ஆனால் பாஸ்வேர்ட் உங்கள் பெட்டியில் திறந்து கிடக்கும். அந்தப் பெட்டியின் ரகசியச் சாவி வெளியே போனால், அதை நம்பும் எந்த சிஸ்டத்தின் முன்னாலும் யாரும் எந்தத் தளமாகவும் வேஷம் போடலாம். 2015-இல் லெனோவோ லேப்டாப்களில் இதுதான் நடந்தது. விளம்பரம் காட்டுவதற்காக சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருளை ஏற்றி விற்றார்கள். எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி, அதன் பாஸ்வேர்டையும் ஆய்வாளர்கள் சீக்கிரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உங்களுக்கு வேண்டியது எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்ற பெயர் மட்டும்தானே? ப்ராக்ஸி முகவரியை வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் கனெக்ட் கோரிக்கையிலேயே பெயர் வந்துவிடுகிறது. ஸ்க்விட்டில் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கடத்திவிடும் முறையும் உண்டு: இணைப்பின் தொடக்கத்தில் மறைக்கப்படாமல் போகும் தளத்தின் பெயரைப் படிக்கும், உள்ளே இருப்பதைத் தொடாது. சர்டிபிகேட் எதுவும் நிறுவ வேண்டாம். கல்லூரிக்கு அது தாராளம். பிரித்தே பார்க்க வேண்டிய இடம் ஏதாவது இருந்தால் அது சர்வர் அறை. அங்கே மனிதர்களின் பாஸ்வேர்ட் இல்லை.

*எங்கள் ஸ்டார்ட்அப் முழுவதும் அமேசான் கிளவுட்டில் இருக்கிறது. வாடிக்கையாளர் கொடுக்கும் லிங்க்கைப் போய்ப் படித்து முன்னோட்டம் காட்டும் வசதி வைத்திருக்கிறோம். பாதுகாப்புச் சோதனை செய்தவர் 169.254.169.254 என்ற முகவரியைக் குறிப்பிட்டு "மிக ஆபத்து" என்று எழுதிவிட்டார். அங்கே என்ன இருக்கிறது?*
மென்பொருள் உருவாக்குநர், சென்னை

அங்கே உங்கள் சர்வரின் ஜாதகமே இருக்கிறது. கிளவுட் சர்வர் தன்னைப் பற்றிய விவரங்களையும், மற்ற சேவைகளைத் திறப்பதற்கான தற்காலிகச் சாவிகளையும் அந்த முகவரியில் கேட்டு வாங்கிக்கொள்ளும். சர்வருக்குள்ளிருந்து மட்டுமே அதை எட்ட முடியும். ஆனால் உங்கள் முன்னோட்ட வசதி, சொன்ன லிங்க்குக்கெல்லாம் சர்வருக்குள்ளிருந்து போய் எடுத்து வந்து காட்டுகிறது! வாடிக்கையாளர் வேஷத்தில் ஒருவர் அந்த முகவரியையே லிங்க்காகக் கொடுத்தால்?

2019-இல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் நடந்தது இந்த வகைதான். தவறாக அமைக்கப்பட்ட ஒரு ஃபயர்வால் வழியாக உள் முகவரிக்குக் கோரிக்கை அனுப்பி, சாவி வாங்கி, அந்தச் சாவியால் சேமிப்பகத்தைத் திறந்தார்கள். அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விவரங்கள். அதே ஆண்டு நவம்பரில் அமேசான் அந்த உள் முகவரிக்கு இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. முதலில் ஒரு டோக்கன் வாங்கி, அதைக் காட்டினால்தான் மற்றது கிடைக்கும். இன்றே அதைக் கட்டாயமாக்குங்கள், பழைய பதிப்பை அணைத்துவிடுங்கள்.

அதற்குமேல், வெளியார் கொடுக்கும் லிங்க்குகளைப் படிக்கும் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, அதன் எல்லாக் கோரிக்கையையும் ஒரு ப்ராக்ஸி வழியாக அனுப்புங்கள். இதற்கென்றே ஸ்ட்ரைப் நிறுவனம் ஸ்மோக்ஸ்கிரீன் என்ற ப்ராக்ஸியை எழுதித் திறந்த மூலமாக விட்டிருக்கிறது. பெயரை முகவரியாக மாற்றிய பிறகு, அது உள் நெட்வொர்க் முகவரியாக இருந்தால் மறுத்துவிடும். லிங்க்கில் உள்ள எழுத்தைப் பார்த்து நீங்களே நிரலில் வடிகட்ட முயலாதீர்கள். அழகான பெயர் ஒன்றை வாங்கி, அதை 169.254.169.254-க்குத் திருப்பிவிடுவது அஞ்சு நிமிட வேலை. அமேசானில் புதிதாக உருவாக்கும் செக்யூரிட்டி குரூப் (சர்வருக்கான ஃபயர்வால் விதித் தொகுப்பு) வெளியே போவதை முழுக்க அனுமதிக்கும், அதையும் சுருக்குங்கள். ஆனால் அந்த உள் முகவரிக்குப் போவதை செக்யூரிட்டி குரூப் தடுக்காது, அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்கள் நிரலில் பழைய சிஜிஐ முறை (வலைக் கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளாக நிரலுக்குக் கொடுப்பது) ஏதாவது இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். 2016-இல் ஹெச்டிடிபாக்ஸி என்று ஒரு ஓட்டை வந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையில் ப்ராக்ஸி என்று ஒரு தலைப்பு வைத்தால், அது சர்வரின் ப்ராக்ஸி அமைப்பாகவே மாறிவிடும். உங்கள் சர்வர் தன் வெளிப் போக்குவரத்தைத் திருடன் சொன்ன வழியிலேயே அனுப்பும். இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் கர்ல் கட்டளை சிறிய எழுத்தில் எழுதிய ஹெச்டிடிபி ப்ராக்ஸி மாறியை மட்டும் படித்து, பெரிய எழுத்தில் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் இருப்பதன் காரணம் இந்த வகைச் சிக்கல்தான்.

*ப்ராக்ஸி வைத்ததால் கெடுதல் நடந்த சம்பவம் உண்டா?*
ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியர், மதுரை

உண்டு ஐயா, அதுவும் உலகம் முழுக்கத் தெரிந்த சம்பவத்தில். 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை என்ற கெட்ட நிரல், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது வேலையை ஆரம்பிக்கும் முன் அர்த்தமில்லாத நீண்ட பெயர் கொண்ட ஒரு தளத்துக்குப் போய்ப் பார்க்கும். தளம் பதில் சொன்னால் பேசாமல் ஒதுங்கிவிடும். பதில் இல்லையென்றால் பூட்டும். பிரிட்டனில் ஓர் இளைஞர் அந்தப் பெயரை வாங்கிப் பதிவு செய்ததும் பரவல் அடங்கியது. ஆனால் அந்த நிரலுக்கு ப்ராக்ஸி வழியாகப் போகத் தெரியாது, நேராகத்தான் போகும். நேர்வழி அடைத்து, ஒழுங்காக ப்ராக்ஸி வைத்திருந்த நிறுவனங்களில் தளம் எட்டவில்லை, எனவே பூட்டியது. உள் டிஎன்எஸ்ஸில் அந்தப் பெயரை உள்ளேயே ஒரு சர்வருக்குத் திருப்பிவிட்டுத்தான் சமாளித்தார்கள்.

அதற்காக ப்ராக்ஸியைக் குறை சொல்ல மாட்டேன். அது பரவியது விண்டோஸின் 445-ஆம் போர்ட் வழியாக, மைக்ரோசாஃப்ட் அதற்கான பேட்சை இரண்டு மாதம் முன்பே மார்ச்சில் கொடுத்திருந்தது.

*முன்பெல்லாம் ப்ராக்ஸி வைத்தால் நெட் வேகமாகும் என்பார்கள். இப்போதும் டேட்டா மிச்சமாகுமா?*
கணினிப் பயிற்சி மைய உரிமையாளர், யாழ்ப்பாணம்

ஒருவர் பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்குக் கொடுப்பதால் அந்தக் காலத்தில் மிச்சமானது. ஒரு கல்லூரிக்கே 64 கிலோபிட் லைன் இருந்த நாட்களில் அது பெரிய விஷயம். இப்போது ஏறக்குறைய எல்லாமே ஹெச்டிடிபிஎஸ், ப்ராக்ஸிக்கு உள்ளடக்கம் தெரியாது, சேமிக்கவும் முடியாது. உங்கள் மையத்தில் விண்டோஸ் அப்டேட்தான் டேட்டாவைத் தின்கிறது என்றால் டெலிவரி ஆப்டிமைசேஷனை இயக்குங்கள். ஒரு சிஸ்டம் இறக்கியதை மற்றவை உள்ளேயே பகிர்ந்துகொள்ளும்.

*ப்ராக்ஸி போட்டாகிவிட்டது. யார் எவ்வளவு நேரம் எந்தத் தளத்தில் இருந்தார்கள் என்று வாராவாரம் பட்டியல் கேட்டேன், எங்கள் அட்மின் தம்பி தயங்குகிறார். என் கம்பெனி, என் நெட். என்ன தவறு? லாகை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?*
பம்ப் தொழிற்சாலை உரிமையாளர், கோயம்புத்தூர்

உங்கள் தம்பி தயங்குவதில் நியாயம் இருக்கிறது. ஒன்று, அந்தப் பட்டியல் பொய் சொல்லும். ஒருவர் காலையில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்துவிட்டு டேபை மூடாமல் நாள் முழுக்க வேலை பார்த்தாலும், அந்தப் பக்கம் தானே புதுப்பித்துக்கொண்டு லாகை நிரப்பிக்கொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் பார்த்தார் என்பது லாகில் இல்லை. இரண்டு, பெயர்கள் மட்டுமே இருந்தாலும் அவை ரொம்பப் பேசும். மருத்துவமனை, கடன் ஆப், வரன் தேடும் தளம், வேலை தேடும் தளம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? லாக் வைத்திருக்கிறோம் என்று ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். தனி ஆள் விவரம் வேண்டுமென்றால் காரணம் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகே எடுக்கலாம் என்று விதி வையுங்கள். வாராந்திரப் பட்டியலாக வேண்டுமென்றால், மறுக்கப்பட்ட பெயர்களில் புதிதாக வந்தவை எவை என்று கேளுங்கள். அதில் உங்கள் கம்பெனிக்குப் பயன் இருக்கிறது.

நாள் கணக்குக்கு, இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு நிறுவனங்களுக்கும் பொருந்தும். லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைத் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். லாகை ப்ராக்ஸி இருக்கும் அதே கணினியில் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நுழைந்தவர் முதலில் அழிப்பது அதைத்தான். அதே உத்தரவு, கணினிகளின் கடிகாரம் என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. நேரம் கேட்கும் அந்தப் போக்குவரத்து ப்ராக்ஸி வழியாகப் போகாது. நேர்வழியை அடைத்த கையோடு அதுவும் அடைபட்டிருக்கும். உள்ளே ஒரே ஒரு கணினிக்கு மட்டும் யுடிபி 123-ஆம் போர்ட்டைத் திறந்து, மற்றவை அதனிடம் நேரம் கேட்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.